வாப்பாவின் வீட்டுக் கணக்கு

எங்கள் ஊரில் ஆண் பிள்ளைக்கென்று ஒரு வீடு இல்லை. பிறந்து வளர்வது உம்மாவின் வீட்டில். கலியாணம் முடித்தால் மனைவியின் வீட்டில். முதுமை வந்தால் மகளின் வீட்டில். கல்முனைக்குடியில் மட்டுமல்ல, மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று இந்தக் கரை முழுவதும் இதுதான் வழமை. பாண்டிருப்பிலும் காரைதீவிலும் இருக்கும் தமிழ்ச் சகோதரிகளுக்கும் இது புதினமல்ல. அவர்களிடமும் வீடு பெண்ணுக்குத்தான். ஆகவே பெண் பிள்ளை பிறந்த அன்றே தகப்பனின் தலையில் ஒரு வீடு ஏறிவிடும்.

சீதனம் கூடாது என்று நாங்கள் கூட்டங்களில் பேசுகிறோம். நானும் பேசியிருக்கிறேன். அது நியாயமான பேச்சு. அந்தச் சுமை எத்தனை தகப்பன்மாரின் முதுகை முறித்தது, எத்தனை ஏழைக் குமர்களை வயது போகும்வரை வீட்டுக்குள் இருத்தி வைத்தது என்பதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனாலும் யுத்தத்தில் கணவனை இழந்த எங்கள் பகுதிப் பெண்கள் பலர் நடுத்தெருவுக்கு வராமல் தப்பியது அந்த வீடு அவர்களுடையதாக இருந்ததால்தான். மாமியார் வீட்டிலிருந்து பிள்ளைகளோடு துரத்தப்பட்ட கதை எங்கள் பக்கத்தில் குறைவு. இந்த இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொண்டுதான் என் வாப்பாவை நான் நினைக்க வேண்டியிருக்கிறது.

வாப்பா மௌத்தாகி வருடங்கள் பல போய்விட்டன. 2016ஆம் ஆண்டு நோன்புக்கு முந்திய மாதம் அது. அவருக்கு அப்போது 66 வயது. ஊரில் அவரைத் தெரிந்தவர்கள் இரண்டு விதமாக அடையாளம் சொல்வார்கள். வயதானவர்கள் "மீன்காரர்" என்பார்கள். கொஞ்சம் இளையவர்களுக்கு அவர் "ஹோம் கார்ட்". எங்களுக்கு அவர் வீடு கட்டுபவர்.

அவர் ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவர். மூத்தாப்பாவோடு கரைவலை இழுக்கப் போனபோது வயது பதினொன்றாம். 1972இல் உம்மாவை முடித்து உம்மாவின் வளவுக்கு வந்தார். கிடுகு வேலி, மண் சுவர், ஓலைக் கூரை. நாங்கள் நான்கு பேர் பிறந்தோம். ராத்தா, நான், தம்பி, கடைசியாகத் தங்கச்சி. மூன்று பெண்கள். "மூணு வீடு" என்று பக்கத்து வீட்டுச் சாச்சி சொல்லிச் சிரிப்பாராம். வாப்பா சிரிக்கமாட்டாராம்.

அவருடைய ஒரு நாளை இப்போது நினைத்தாலும் எனக்குக் களைப்பாக இருக்கும். சுபஹ் தொழுதுவிட்டுக் கடற்கரைக்குப் போவார். வலை கரைக்கு வந்து, மீனைக் கூறு போட்டு, தன் பங்கை எடுத்துக்கொண்டு சைக்கிளின் பின்பெட்டியில் ஐஸ் போட்டு ஏற்றுவார். கீரியோ, நெத்தலியோ, சூரையோ அன்று கடல் கொடுத்தது. பிறகு மேற்கே கிட்டங்கிப் பாலம் தாண்டி நாவிதன்வெளி, அன்னமலை, மத்திய முகாம் என்று மிதிப்பார். காசு கொடுத்து வாங்குபவர்கள் குறைவு. வெள்ளாமை வெட்டிய காலத்தில் நெல்லுக்கு மீன். மற்றக் காலத்தில் கொப்பியில் கடன் எழுதிவிட்டு வந்து, வெட்டிய பிறகு நெல்லாக வாங்குவார். பின்னேரம் அதே சைக்கிளில் நெல் மூட்டையோடு திரும்புவார். வாடைக்காலத்தில் கடல் மூர்க்கமாகிக் கரைவலை இழுக்க முடியாமல் போகும். அப்போது வயல் வேலைக்குப் போவார். வீட்டில் சும்மா இருந்த நாள் பெருநாள் இரண்டும், கடற்கரைப் பள்ளிக் கொடியேற்றமும்தான். கொடியேற்றத்துக்கு எங்களை வரிசையாக நடத்திக் கூட்டிப்போய் மஸ்கத்தும் வளையலும் வாங்கித் தருவார். அந்தப் பன்னிரண்டு நாளில் ஒரு நாளாவது போகாவிட்டால் அவருக்கு மனம் ஆறாது.

கடன் எழுதிய அந்தக் கொப்பி போல இன்னொரு கொப்பி வீட்டில் இருந்தது. பிஸ்கட் தகரத்துக்குள் வைத்து அலுமாரிக்கு மேல் ஏற்றி வைத்திருப்பார். அதில் எழுதியது வீட்டுக் கணக்கு. ராத்தாவுக்கு 11 வயதானபோது, 1985இல், அதைத் தொடங்கியிருக்கிறார். முதல் பக்கத்தில் "மூத்த மகள்" என்று ஒரு வரி. அதன் கீழே, "கல் 200. கல் 150. மணல் 1 லோட்" என்று போகிறது. ஒரே தடவையில் வீடு கட்ட எங்களிடம் என்ன இருந்தது? நெல் விற்ற காசு மிஞ்சினால் கல். உம்மா பன்பாய் இழைத்து விற்ற காசில் சீமெந்து இரண்டு பக்கெற். உம்மாவின் காசு வந்த இடத்தில் "பாய்" என்று தனியாகக் குறித்திருக்கிறார். இதை நான் அவர் போன பிறகுதான் கண்டேன். தன் உழைப்பையும் மனைவியின் உழைப்பையும் பிரித்து எழுதத் தெரிந்த ஆணை நான் அதிகம் காணவில்லை.

கொப்பி தொடங்கிய அதே 1985 ஏப்ரலில்தான் காரைதீவில் தமிழ் மக்களின் வீடுகள் எரிந்தன. வாப்பாவின் மீன் பயணம் அப்போது முதல் தடவையாக நின்றது. பிறகு மெல்ல மெல்லத் திரும்பப் போனார். நெல்லுக்கு மீன் வாங்கிய பெண்கள் அவரைக் கண்டு "வந்திட்டீங்களா தம்பி" என்று கேட்டதாக வந்து சொல்வார்.

1990 அப்படியல்ல. ஜூன் 11ஆம் திகதி விடுதலைப் புலிகள் கிழக்கிலுள்ள பொலிஸ் நிலையங்களைச் சுற்றிவளைத்தார்கள். கல்முனைப் பொலிஸ் நிலையமும் அவற்றில் ஒன்று. சரணடைந்த பொலிஸார் 600 பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள். சிங்களவர்களும் முஸ்லிம்களும் அதில் இருந்தார்கள். பிறகு இராணுவம் வந்தது. கல்முனையில் தமிழர்கள் கொல்லப்பட்டார்கள், பிடித்துக்கொண்டு போகப்பட்டவர்கள் பலர் திரும்பவே இல்லை. ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் இஷாத் தொழுகையில் நின்றவர்கள் 100 பேருக்கு மேல் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஒரு கிழமை கழித்து ஏறாவூரில் பிள்ளைகளும் பெண்களும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அதே நாட்களில் வீரமுனைக் கோவிலில் அடைக்கலம் புகுந்திருந்த தமிழ் மக்கள் கொல்லப்பட்டார்கள். அதில் முஸ்லிம் ஊர்காவற் படையினர் மீது குற்றம் சாட்டப்பட்டது. இதை வாசிக்கும் உங்களில் சிலர் இந்தத் திகதிகளில் ஒன்றை ஒவ்வொரு வருடமும் எண்ணிக்கொண்டிருப்பீர்கள். எந்தத் திகதி என்பது நீங்கள் எந்த ஊர் என்பதைப் பொறுத்தது.

அந்த ஓகஸ்ட் மாதக் கடைசியில் பள்ளியில் பெயர் எடுத்தார்கள். வாப்பா ஊர்காவற் படையில் சேர்ந்தார். நாற்பது வயது அவருக்கு. ஊரைக் காக்க வேண்டும் என்பது ஒரு காரணம். கிட்டங்கிக்கு அப்பால் போக முடியாது, கடலுக்கு இரவில் போகத் தடை, மீன் விற்க வழியில்லை, நான்கு பிள்ளைகள் என்பது இன்னொரு காரணம். எது பெரிய காரணம் என்று நான் கேட்டதில்லை. உம்மாவைக் கேட்டால் இரண்டாவதைச் சொல்வார். ஊர்க்காரரைக் கேட்டால் முதலாவதைச் சொல்வார்கள்.

சில நாள் பயிற்சி, ஒரு சொட்கன், கொஞ்சத் தோட்டா, நாட்கூலி போல ஒரு சம்பளம். ஓய்வூதியம் இல்லை. இரவு முழுவதும் மணல் மூட்டைக் காவலரணில் நிற்பார். விடிந்ததும் அந்தக் கண்ணோடே வலை இழுக்கப் போவார். பகல் இரண்டு மணிக்குக் கொஞ்சம் கண்ணயர்வார். அப்போது நாங்கள் நான்கு பேரும் சத்தம் போடாமல் வளவுக்குள் இருப்போம். ஒரு தேங்காய் விழுந்தால் போதும், எழுந்து உட்கார்ந்துவிடுவார். அந்தப் பழக்கம் துவக்கைத் திருப்பிக் கொடுத்த பிறகும் போகவில்லை. கடைசிக் காலத்திலும் நாங்கள் அவரைத் தொட்டு எழுப்பமாட்டோம். வாசலில் நின்று "வாப்பா, வாப்பா" என்று இரண்டு தடவை மெல்லக் கூப்பிட்டுவிட்டுத்தான் உள்ளே போவோம்.

துவக்கு இருந்த அறையில் உம்மா படுக்கவில்லை. "அது கிடக்கிற எடத்துல மலக்குமார் வரமாட்டாங்க" என்று சொல்லிப் பாயைக் குசினிக்கு எடுத்துப் போய்விட்டார். வாப்பா அதற்குக் கோபித்ததில்லை. வீட்டுக்கு வந்தால் தோட்டாவைக் கழற்றி ஒரு இடத்திலும் துவக்கை இன்னொரு இடத்திலும் வைப்பார். தம்பிக்கு அதைத் தொட்டுப் பார்க்கப் பெரிய ஆசை. ஒருநாள் தொட்டும்விட்டான். எங்களில் எவருக்கும் அடிக்காத வாப்பா அன்று அவனுக்கு அடித்தார். அடித்துவிட்டு முற்றத்தில் போய் நின்றதை நான் கண்டேன்.

ராத்தாவின் வீட்டுக்குக் குடிபுகுந்தது 1994இல். கடற்கரைப் பக்கம் காணி மலிவு என்பதால் அங்கே எட்டு பேர்ச்சஸ் வாங்கியிருந்தார். இரண்டு அறை, ஒரு மண்டபம், முன்னால் விறாந்தை, ஓட்டுக் கூரை. எங்கள் குடும்பத்தின் முதலாவது கல் வீடு. குடிபுகுந்த அன்று வாப்பா காவலிலிருந்து நேரே வந்தவர், துவக்கைப் பக்கத்து வீட்டில் வைத்துவிட்டுத்தான் மகளின் வாசலை மிதித்தார். அதற்குப் பிறகும் ஒரு நாளாவது அந்த வீட்டுக்குள் அதைக் கொண்டுபோனதில்லை.

2000இல் உம்மாவின் வளவில் பாதியைப் பிரித்து எனக்கு வீடு கட்டினார். அடுத்த வருடம் கண் பார்வை குறைந்து ஊர்காவற் படையிலிருந்து விலகினார். பதினொரு வருடச் சேவைக்கு ஒரு கடிதம் கொடுத்தார்கள். 2006இல் அந்தப் படையை ஒரு திணைக்களமாக மாற்றியபோது, உள்ளே இருந்தவர்களுக்குச் சம்பளமும் வசதியும் கூடின. முன்னரே விலகியவர்களுக்கு ஏதும் உண்டா என்று அந்தக் கடிதத்தோடு அலைந்தார். விண்ணப்பம் வாங்கினார்கள், பதில் வரவில்லை. ஒவ்வொரு வருடமும் மே மாதம் தொலைக்காட்சியில் படைவீரர்களுக்கு விழா நடக்கும். அணிவகுப்பைப் பார்த்துக்கொண்டே வலைக்கு ஈயம் கட்டிக்கொண்டிருப்பார். "ஒங்களயும் கூப்பிட்டிரிக்கலாம் வாப்பா" என்று தங்கச்சி பகிடி பண்ணினால், "நான் போனா வலய ஆரு கட்டுற?" என்பார்.

2002இல் யுத்தநிறுத்தம் வந்து பாதை திறந்ததும் அவர் செய்த முதல் வேலை கிட்டங்கிக்கு அப்பால் போனதுதான். எனக்கும் என் கணவருக்கும் குத்தகைக்கு ஒரு வயல் பார்க்கலாம் என்று எங்களையும் கூட்டிப் போனார். பழைய வீடுகள் சில இருந்தன, சில இல்லை. அவருக்கு நெல் அளந்து கொடுத்த ஒரு அக்காவின் வீடு இருந்தது. அவர் நெடுநேரம் வாப்பாவைப் பார்த்துவிட்டு, "தம்பி, நீங்களும் துவக்குத் தூக்கினீங்க எண்டு சொன்னாங்க" என்றார்.

"ஓம் அக்கா. தூக்கினதான்."

"எங்கட அவரப் புடிச்சுக்கொண்டு போன அண்டைக்கு எங்க நிண்டீங்க?"

அவருடைய கணவரை 1990 கடைசியில் ஒரு சுற்றிவளைப்பில் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். வாப்பா தலையைக் குனிந்துகொண்டு, "கடற்கரைக் காவல்ல அக்கா. இந்தப் பக்கம் வரல்ல. அல்லாட மேல ஆண" என்றார். அந்த அக்கா ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து உள்ளே போனார். இனி வரமாட்டார் என்று நினைத்து நாங்கள் சைக்கிளை எடுக்கும்போது ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். வாப்பா நின்றபடியே முழுவதையும் குடித்தார். பாலம் வரும்வரை அவர் எங்களோடு கதைக்கவில்லை.

பிறகு ஒருநாள் நான் நேரே கேட்டேன், யாரையாவது சுட்டிருக்கிறீர்களா வாப்பா என்று. "மேல பாத்துச் சுட்டிரிக்கன் மகள்" என்றார். நான் அதை நம்பினேன், இன்றும் நம்புகிறேன். ஆனால் அவரோடு நின்ற மற்றவர்களைப் பற்றிக் கேட்டால் எழுந்து போய்விடுவார். அது அவரோடே கபுறுக்குப் போய்விட்டது. என்னால் அதைத் தோண்டி எடுக்கவும் முடியாது, இல்லாதது போல எழுதவும் முடியாது. அந்தச் செம்புத் தண்ணீரை மட்டும் நான் கண்ணால் கண்டேன்.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, போயா நாள். பெரும்போகப் பயிருக்குப் பசளை போட வாப்பா காலையிலேயே கிட்டங்கிக்கு அப்பால் போயிருந்தார். ராத்தாவின் மகள், ஏழு வயது, முதல் நாள் இரவு உம்மாவோடு எங்கள் வளவில் தங்கியிருந்தாள். ராத்தா இரண்டு வயது மகனோடு தன் வீட்டில் இருந்தார். அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000 பேருக்கு மேல் அன்று இறந்தார்கள். இலங்கையில் ஆகக் கூடுதலாக இறந்தது எங்கள் மாவட்டத்தில்தான். ராத்தாவை இரண்டாம் நாள் எடுத்து மையவாடியில் அடக்கினோம். பிள்ளை கிடைக்கவில்லை. வீடு இருந்த இடத்தில் அத்திவாரமும் குசினிப் படியும் இருந்தன.

இதற்கு மேல் அந்த நாளைப் பற்றி எழுத எனக்கு இயலாது. உங்களில் பலருக்கு எழுதிக் காட்டத் தேவையுமில்லை.

வாப்பா கொப்பியை எடுத்து ராத்தாவின் பக்கத்தில் ஒரு கோடு போட்டு, கீழே மகளின் பெயரையும் பேரனின் பெயரையும் எழுதியது அந்த நாற்பது நாளுக்குள்தான். பிறகு நிவாரணக் கதைகள் தொடங்கின. வடக்குக் கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்றார்கள். பின்னர் அதைக் குறைத்தார்கள், எங்கள் பக்கத்தில் 65 மீற்றர் என்று பேசப்பட்டது. அதற்கு வெளியே முழுதாக உடைந்த வீட்டுக்கு இரண்டரை இலட்சம் ரூபா. உள்ளே இருந்தவர்களுக்கு வேறிடத்தில் கட்டிய வீடு. அந்த வீடு யாருக்கு என்பதில்தான் வாப்பா மாட்டினார்.

விண்ணப்பப் படிவத்தில் "குடும்பத் தலைவர்" என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் மச்சானின் பெயர் எழுதப்பட்டது. அழிந்த வீடு ராத்தாவுடையது, அவருடைய பிள்ளைக்குச் சேர வேண்டியது என்று எழுத அந்தப் படிவத்தில் இடமில்லை. இந்தக் கரையில் ஆயிரக்கணக்கான பெண்களின் வீடு அந்த ஒரு கட்டத்துக்குள் ஆண்களின் பெயருக்கு மாறியது. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் பெண்கள் அமைப்புகள் அப்போதே இதைச் சொல்லிக் குரல் கொடுத்தன. அக்கரைப்பற்றில் தங்கி எங்கள் தாய்வழிக் குடி முறையை ஆராய்ந்த அமெரிக்கரான டெனிஸ் மக்கில்வ்ரே சுனாமி வீடுகளையும் சீதன வீடுகளையும் சேர்த்து எழுதியிருக்கிறார். ஆனால் படிவம் அச்சடிப்பவர்கள் அதையெல்லாம் வாசிப்பதில்லை போலும். குடியேற்றத் திட்டக் காணிகளுக்கான சட்டத்திலேயே மகளுக்கு முன்னால் மகன் என்றுதான் 1935இலிருந்து இருந்தது. அது திருத்தப்பட்டது 2022இல்.

மச்சானைக் கெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன். மனைவியையும் மகனையும் இழந்தவர், ஒன்றரை வருடத்தில் வேறு கலியாணம் முடித்தார். புதிய மனைவிக்கும் ஒரு கூரை தேவைப்பட்டது. ஆனால் மருமகள் எங்கள் வீட்டில் உம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு வளர்ந்தாள். வாப்பா கொப்பியைத் தூக்கிக்கொண்டு ஒரு அலுவலகத்துக்குப் போனார். நானும் கூடப் போனேன். காணி உறுதி எங்கே என்று கேட்டார்கள். அது வீட்டோடு போய்விட்டது. வாப்பா கொப்பியை மேசையில் விரித்தார். கல், மணல், ஓடு 850, கதவு நிலை, "பாய்" என்று குறித்த சீமெந்து. "இது என்ட மகள்ட வீடு ஐயா. அவட புள்ளக்கித்தான் இது சேரணும்." மேசைக்குப் பின்னால் இருந்தவர் ஒன்பது வருடக் கணக்கைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது சட்டப்படி ஒரு ஆவணமில்லையே" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். நான்கு தடவை போனோம். ஐந்தாவது தடவை வாப்பா என்னைக் கூப்பிடவில்லை, தனியே போய்த் தனியே வந்தார்.

பள்ளி நம்பிக்கையாளர்கள் மச்சானை அழைத்துப் பேசினார்கள். அவர் ஒரு தொகையை மருமகளின் பெயரில் வங்கியில் போட ஒப்புக்கொண்டார், போட்டும்விட்டார். வீடு அவரிடமே நின்றது. வாப்பா அதோடு வழக்கை முடித்துக்கொண்டார். பலர் அவரைக் குறை சொன்னார்கள், கோட்டுக்குப் போயிருக்க வேண்டும் என்று. எனக்கும் அப்போது அப்படித்தான் தோன்றியது. கோட்டுக்குப் போகும் காசில் எத்தனை கல் வாங்கலாம் என்று அவர் கணக்குப் போட்டிருப்பார் என்று இப்போது நினைக்கிறேன்.

ஏனென்றால் அடுத்த மாதமே கொப்பியில் புதிய பக்கம் தொடங்கியிருந்தார். "பேத்தி" என்று ஒரு வரி. அதன் கீழே, "கல் 100".

அறுபதை எட்டிப்பிடிக்கும் வயது. வலை இழுக்க முதுகு விடாது. வலை பொத்துவார், ஈயம் கட்டுவார், அறுவடைக் காலத்தில் களத்தில் காவல் இருப்பார். "காவலுக்கு எனக்குப் பழக்கம்தானே" என்பார். தங்கச்சிக்கு உம்மாவின் பழைய வீட்டையே திருத்திக் கொடுத்துவிட்டார். தம்பி கட்டாருக்குப் போய் அனுப்பிய காசில் மேற்குப் பக்கமாக, கடலுக்குத் தூரத்தில், ஆறு பேர்ச்சஸ் காணி வாங்கினார்கள். உறுதியை மருமகளின் பெயரிலேயே எழுதச் சொன்னார். பதினாறு வயதுப் பிள்ளைக்கு உறுதி முடிப்பதில் சிக்கல் இருக்கிறது என்றதும், பாதுகாவலராக என் பெயரைப் போடச் சொன்னார். கணவரின் பெயரையோ தம்பியின் பெயரையோ போடவில்லை. அந்த உறுதியைப் பிரதி எடுத்து ஒன்று என்னிடம், ஒன்று தங்கச்சியிடம், ஒன்று பிஸ்கட் தகரத்துக்குள். "தண்ணி வந்தாலும் ஒரு இடத்துல மிஞ்சும்" என்றார்.

சுவர் லிண்டல் மட்டத்துக்கு வந்திருந்தபோதுதான் நெஞ்சு வலி வந்தது. அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலையில் மூன்று நாள் இருந்தார். இரண்டாம் நாள் கொஞ்சம் தெளிந்திருந்தபோது மருமகளைப் பக்கத்தில் இருத்தி, கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்று அவளிடம் கேட்டார். கிழக்கே வேண்டாம் என்றாள். சரி, மேற்கே வைக்கச் சொல்லுங்கள் என்று என்னிடம் சொன்னார்.

ஜனாஸாவைத் தூக்குவதற்கு முன் வழமைப்படி அறிவித்தார்கள், மர்ஹூம் யாருக்காவது கொடுக்க வேண்டியிருந்தால் வாரிசுகளிடம் கேட்டுக்கொள்ளுங்கள் என்று. ஒருவரும் கேட்கவில்லை. நாங்கள் கொப்பியைப் பார்த்தோம். கடைசிப் பக்கத்தில் மூன்று கடன் இருந்தது. கல் வாடிக்கு ஒன்று, மேசனுக்கு ஒன்று, பாண்டிருப்புத் தச்சருக்குக் கதவு நிலைக்கு 4,500 ரூபா. கல் வாடிக்காரருக்கும் மேசனுக்கும் தம்பி அனுப்பிய காசில் கொடுத்தோம்.

உம்மா இத்தாவில் இருந்ததால் பாண்டிருப்புக்கு நானும் தங்கச்சியும் போனோம். தச்சர் எங்களைக் கண்டதும் செய்தி அறிந்திருந்ததாகச் சொல்லி எழுந்து நின்றார். நிலை தயாராகச் சாத்தி வைக்கப்பட்டிருந்தது. காசு வேண்டாம், பிறகு பார்க்கலாம் என்றார். இல்லை ஐயா, இது எங்கள் மார்க்கத்தில் இருத்தி வைக்கக் கூடாத கடன் என்று விளக்கிக் கொடுத்தோம். எண்ணி வாங்கிக்கொண்டார். பிறகு, "கதவு எந்தப் பக்கம் வைக்கிறீங்க?" என்று கேட்டார். மேற்கே என்று சொன்னோம்.